சந்தனப் பொட்டு வைத்த ஹெலிகாப்டர்

ட்ரோன் ஓட்டும் தம்பி தங்கைகளுக்கு,

போன மாதம் ராஜபாளையத்தில் நீங்கள் கூடியபோது என்னையும் பேசக் கூப்பிட்டிருந்தீர்கள். ஐந்து நிமிடம் போதும் சார் என்றீர்கள். மூன்றாவது நிமிடத்தில் பின்பக்கம் பிரியாணி அண்டாவைத் திறந்துவிட்டார்கள். அதன் பிறகு நான் பேசியது மின்விசிறிக்கு மட்டும்தான் கேட்டது. கோபம் ஒன்றும் இல்லை, எனக்கும் பசிதான். ஆனால் சொல்ல வந்ததைச் சொல்லாமல் விட்டால் எனக்குச் சாப்பிட்டது செரிக்காது. அதனால் எழுதுகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் இருபத்தாறு வருடம் ஃபிட்டராக இருந்தேன். அதை விட்ட பிறகு பதினோரு வருடம், ரிமோட்டில் பறக்கும் சின்ன ஹெலிகாப்டர் ஒன்றை வைத்துக்கொண்டு கடைத் திறப்பு, கல்யாணம், காதுகுத்து என்று பூத்தூவும் வேலை பார்த்தேன். உங்கள் ட்ரோன்கள் வந்து என்னை ஓய்வெடுக்க வைத்தன. அதற்கு நன்றிதான், முதுகுவலி குறைந்திருக்கிறது.

சின்ன ஹெலிகாப்டர் என்றதும் பொம்மை என்று நினைத்துவிட வேண்டாம். நாலு கிலோ கனம். தலைக்கு மேல் இரண்டு இறக்கைகள், ஒவ்வொன்றும் ஒரு முழத்துக்கும் மேல் நீளம். நின்றால் இறக்கை, சுற்ற ஆரம்பித்தால் கண்ணுக்குத் தெரியாத அரிவாள். வயிற்றில் ஒரு பெட்டி உண்டு. ரிமோட்டில் ஒரு பொத்தானைத் தட்டினால் அடிப்பக்கம் திறந்து ஒரு கிலோ ரோஜா இதழ் கொட்டும். அந்தப் பெட்டிதான் எனக்குச் சோறு போட்டது.

உங்களுக்கு இன்று பரீட்சை இருக்கிறது, உரிமம் இருக்கிறது, எங்கே பறக்கலாம் எங்கே கூடாது என்று வரைபடம் இருக்கிறது. எல்லாம் நல்லதுதான். நான் சொல்லப்போவது அந்தப் பரீட்சைத் தாளில் வராத ஒரு கேள்வி. பறப்பதற்கு எல்லாரும் கைதட்டிக்கொண்டு நிற்கும்போது "முடியாது" என்று எப்படிச் சொல்வது என்பதே அந்தக் கேள்வி. அந்த வார்த்தையைச் சொல்லக் கற்றுக்கொள்ள எனக்கு நாலு வருடம் பிடித்தது.

முதல் பாடத்தை ஒரு துண்டு கற்றுக்கொடுத்தது. ராஜபாளையத்தில் ஒரு பாத்திரக்கடைத் திறப்பு விழா. பூத்தூவி முடித்து வாசலில் இறக்கினேன். இறக்கைகள் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தன. வேலை முடிந்தது என்று எனக்கு நானே கைகொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், கடைக்காரரின் சம்பந்தி ஒருவர் பூரித்துப்போய், ஆளுயர மாலையோடு ஓடி வந்துவிட்டார். மாலை யாருக்கு? எனக்கில்லை, ஹெலிகாப்டருக்கு. குனிந்தார். தோளில் கிடந்த துண்டு மட்டும் முன்னால் போயிற்று. 'சரக்' என்று ஒரு சத்தம். பார்த்தால் அவர் கையில் மாலை இருக்கிறது, தோளில் துண்டு இல்லை. கடை வாசல் முழுக்க வெள்ளை நூல் பறக்கிறது.

"ஏலே, இது இன்னிக்கித்தான் எடுத்த புதுத் துண்டுல்லா?" என்று அவர் என்னிடம் சண்டைக்கு வந்தார்.

அந்தத் துண்டு இருந்த இடத்திலிருந்து அவர் கழுத்து நாலு விரல் தள்ளித்தான் இருந்தது. அவருக்கு அது கடைசிவரை தோன்றவே இல்லை. எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. அன்று வீட்டுக்கு வந்து சோற்றைத் தொடவில்லை. என் மனைவி எஸ்தர் என்ன ஆயிற்று என்று கேட்டாள். சொன்னேன். அவள் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். "அடுத்த வாட்டி நானும் வாரேன்" என்றாள்.

வந்தவள் இரண்டு பொருள் கொண்டு வந்தாள். ஒன்று, அரை மூட்டை சுண்ணாம்புத் தூள். இன்னொன்று, முப்பது வருடம் பள்ளிக்கூடத்தை ஆட்டிப்படைத்த விசில். ஹெலிகாப்டரைச் சுற்றி இருபது அடிக்குப் பெரிய வட்டமாகச் சுண்ணாம்புக் கோடு போட்டாள். "ஆபத்து, நெருங்காதீர்" என்று நான் எழுதி வைத்திருந்த பலகையைக் கூட்டத்தில் ஒருவரும் படித்ததில்லை, அதன்மேல் இலைக்கட்டைத்தான் சாய்த்து வைப்பார்கள். ஆனால் நம் ஊர்க்காரனுக்குக் கபடிக் கோடு என்றால் உடம்பிலேயே ஒரு மரியாதை உண்டு. எஸ்தர் விசிலை ஊதி, "கோட்டுக்குள்ள கால் வச்சா அவுட்டு!" என்று ஒரு சத்தம் போட்டால், மீசைக்காரர்கள்கூட வேட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் குதித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு மூன்று வருடம் எங்களுக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஒன்றும் ஆகாமலே மூன்று வருடம் போனதால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் ஏறியிருந்தது. இனி மம்சாபுரத்துக் கதைக்கு வருகிறேன்.

ஒரு நாள் காலையில் முருகேசன் என்று ஒருவர் வீடு தேடி வந்தார். ராஜபாளையத்தில் மருத்துவமனைகளுக்குப் போகும் கட்டுத்துணி நெய்கிற தறிகள் வைத்திருக்கிறவர். நல்ல உயரம், நல்ல குரல். உட்கார்ந்த உடனே விஷயத்துக்கு வந்தார்.

"அண்ணாச்சி, எந்தங்கச்சி மகளுக்கு மம்சாபுரத்துல காதுகுத்து. நாந்தான் தாய்மாமன். மருமகள உங்க ஹெலிகாப்டர்ல உக்கார வச்சு ஒரு ரவுண்டு கொண்டாரணும்."

நான் எஸ்தரைப் பார்த்தேன். எஸ்தர் அவருக்கு வைத்த காப்பியைத் திரும்ப எடுத்துவிடலாமா என்று பார்த்தாள்.

"பிள்ள எம்புட்டு கனம் இருப்பா?" என்று கேட்டேன்.

"ஒம்பது கிலோ இருப்பா."

"ஹெலிகாப்டரே நாலு கிலோதான்."

"அப்பச் சரி, பிள்ள வேண்டாம். கம்மல மட்டும் வைப்போம். ரெண்டு பவுனு. வானத்துல இருந்து கம்மல் எறங்கணும்."

"தங்கம் தரையிலேயே காணாமப் போகும் சார், அத எதுக்கு வானத்துக்கு ஏத்துதீங்க?" என்றாள் எஸ்தர். அத்தோடு கம்மலும் இறங்கியது. கடைசியில் பூ என்று முடிவானது. மண்டப வாசலுக்கு முன்னால் ஆளில்லாத இடத்தில் நான் பூத்தூவ வேண்டும். அது முடிந்து ஹெலிகாப்டர் தரையிறங்கி நின்ற பிறகு, அந்தப் பூவின்மேல் இவர் சீர்த்தட்டுகளோடு நடந்து உள்ளே போக வேண்டும்.

ஒரு காதுகுத்துக்கு இத்தனை ஆர்ப்பாட்டம் எதற்கு என்று கேட்டுவிட்டேன். அவ்வளவு உயரமான மனிதர் சட்டென்று தலை குனிந்துகொண்டார். மூன்று வருடத்துக்கு முன்னால் தங்கையின் புதுவீட்டுப் பால்காய்ப்பு. முதல் பந்தியில் மாப்பிள்ளையின் அலுவலக ஆட்களை உட்கார வைத்துவிட்டார்கள். கூடப்பிறந்த அண்ணன் தூணில் சாய்ந்து நின்றிருக்கிறார். "செத்த நேரம் பொறுண்ணே" என்று தங்கை சொல்லியிருக்கிறாள். இவர் பொறுக்கவில்லை. கையை நனைக்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். வழியில் மாப்பிள்ளைக்குப் போன் போட்டு ஏதோ சொல்லியும் விட்டார். என்ன சொன்னார் என்று என்னிடம் சொல்லவில்லை, ஆனால் சொல்லும்போது காது சிவந்தது. அன்றிலிருந்து அண்ணனும் தங்கையும் பேச்சில்லை. மருமகள் பிறந்து பதினோரு மாதம். போனில் யாரோ அனுப்பிய படத்தில்தான் பார்த்திருக்கிறார்.

தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்தக் கூடாது. அந்த வழக்கத்துக்காக மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் தட்டோடு வந்து அழைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். தங்கை வரவில்லை, போனும் பண்ணவில்லை.

"அவ என்னைத் திரும்பிப் பாக்கணும் அண்ணாச்சி. அம்புட்டுத்தான்" என்றார். "டீக்கடையில வாய் தவறி 'நான் வானத்துல வாரேன்'னு சொல்லிட்டேன். மம்சாபுரம் முழுக்கப் பரவிட்டு. மாப்ள வீட்டுல, வரட்டும் பாப்போம்னு சிரிக்காங்களாம். இது மட்டும் பறக்கலேன்னு வைங்க, நான் எந்த மொகத்த வச்சுக்கிட்டு உள்ள போக?"

எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போயிற்று. ரோசக்காரனுக்கு ரோசக்காரனைப் பிடிக்கும். சரி என்று சொல்லிவிட்டேன்.

காதுகுத்து அன்று காலை மலைப்பக்கமிருந்து காற்றே இல்லை. பறப்பதற்கென்றே செய்து வைத்தது போன்ற நாள். மண்டபத்துக்குப் பக்கத்தில் வெறும் மைதானம். எஸ்தர் வட்டம் போட்டுவிட்டாள். நான் எல்லாவற்றையும் இரண்டு முறை பார்த்துவிட்டு, பெட்டியில் பூவை நிரப்பி, ஹெலிகாப்டரை வட்டத்தின் நடுவில் வைத்தேன். பேட்டரி மட்டும் என் பையில் இருந்தது. அந்த அளவுக்குப் புத்தி இருந்தது.

சாலையில் முருகேசன் பட்டுவேட்டியில் நின்றார். பின்னால் வேனில் இருபத்தொரு சீர்த்தட்டு, முன்னால் மேளக்காரர்கள். பன்னிரண்டு மணிக்குள் காது குத்தியாக வேண்டும், அதன் பிறகு நேரம் சரியில்லை என்று சொல்லியிருந்தார்கள். அப்போது பதினொன்று பத்து.

இப்போது என் தப்பு. கவனமாகப் படியுங்கள், பின்னால் நடந்ததெல்லாம் இதனால்தான்.

மைக்செட்காரர் ஒரு பெரிய ஸ்பீக்கர் பெட்டியைக் கோட்டுக்கு உள்ளே கொண்டுவந்து இறக்கிவிட்டார். கபடி ஆடாத மனிதர் போல. அவரை நகர்த்தச் சொல்லி வாதாடப் போனேன். அதே நேரம் மேளக்காரர்கள் முன்னால் நகர ஆரம்பித்ததால் எஸ்தர் அந்தப் பக்கம் விசிலோடு ஓடினாள். ஆக, ஹெலிகாப்டர் தனியாக நின்றது. ஒரு டீ குடிக்கிற நேரம்தான். மூன்று வருடம் ஒன்றும் ஆகவில்லையே, அந்தத் தைரியம்.

கூட்டத்தில் ஒரு குலவைச் சத்தம் எழுந்தது. திரும்பிப் பார்த்தேன். பச்சைப் பட்டில் ஒரு பெண், கையில் சந்தனக் கிண்ணமும் குங்குமமும் வைத்த தட்டோடு, வட்டத்தின் நடுவில் ஹெலிகாப்டருக்கு முன்னால் குனிந்து நிற்கிறாள். குழந்தையின் அம்மா. முருகேசனின் தங்கை முத்துமாரி. வீட்டுக்காரியை யார் தடுப்பது? தாய்மாமன் சீர் வாசலுக்கு வந்தால் வீட்டுப் பெண் எதிர்கொண்டு பொட்டு வைப்பது முறை. அண்ணனுக்கு வைக்க அவளுக்கு மனம் வரவில்லை, அல்லது வெட்கம். அண்ணன் கொண்டுவந்த மெஷினுக்கு வைத்துவிட்டாள்.

எங்கே வைத்தாள்? ஹெலிகாப்டருக்கு நெற்றி எது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அகலமாகவும் வாகாகவும் கண்ணில் பட்ட இடம் இறக்கைதான். அதன் நுனிப்பக்கம் நாலு விரலால் சந்தனத்தைக் குழைத்துத் தடவி, அதன் நடுவில் கட்டைவிரல் அளவுக்குக் குங்குமம் வைத்திருந்தாள். காலடியில் இரண்டு எலுமிச்சம்பழம். புது லாரிக்கு வைக்கிற மாதிரி.

நான் ஆலையில் இருந்தவன் என்று சொன்னேன் அல்லவா? வேகமாகச் சுற்றுகிற எந்தப் பொருளிலும் ஒரு பக்கம் பாக்குத்தூள் அளவு கனம் கூடினால் போதும், அது ஆட ஆரம்பிக்கும். ஆட்டம் வேகத்தோடு வளரும். தன்னையும் உடைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்பதையும் உடைக்கும். இங்கே பாக்குத்தூள் இல்லை, ஒரு ஸ்பூன் சந்தனம், அதுவும் ஒரே இறக்கையில், அதுவும் நுனியில்.

தோளில் கிடந்த துணியை எடுத்துக்கொண்டு வேகமாக நடந்தேன். அதற்குள் முருகேசன் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாத்தியளா அண்ணாச்சி? பொட்டு வச்சிட்டா! எந்தங்கச்சி பொட்டு வச்சிட்டா!"

கண்ணில் தண்ணீர். என் கையில் துணி. அந்தத் துணி எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை. ஆனால் கோட்டுக்கு வெளியே நின்ற பெண்களுக்குப் புரிந்துவிட்டது.

"ஆத்தீ, நல்ல நாளும் அதுவுமா குங்குமத்தத் தொடைக்கப் போறாரு!"

முத்துமாரி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் நின்றுவிட்டேன். நான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன் என்று அங்கே பாதிப் பேருக்குத் தெரியும். அதை யாரும் வாயால் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டார்கள், எங்கள் பக்கம் அப்படிப்பட்ட ஊர் இல்லை. ஆனாலும் அந்த நிமிடம் எனக்குப் பயமாக இருந்தது. இன்னொரு வீட்டு மங்கலக் குங்குமத்தை இத்தனை பேர் பார்க்கத் துடைக்கிறவனாக என்னை நானே பார்த்தேன். துணியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

அடுத்து நான் செய்ததை நினைத்தால் இன்றும் எனக்குச் சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை.

"அம்மா, இதுக்கு ரெண்டு இறக்கை. ரெண்டுக்கும் ஒண்ணுபோல வச்சாத்தான் முறை" என்றேன்.

முத்துமாரி சந்தோஷமாகக் குனிந்து இரண்டாவது இறக்கையிலும் தடவினாள். இது கொஞ்சம் கூடிப்போயிற்று. "முதல்ல வச்சதுல இன்னும் செத்த வைங்க" என்றேன். வைத்தாள். அது கூடியது. "இதுல ஒரு விரல்." அதுவும் கூடியது. கிண்ணத்தில் சந்தனம் தீர்ந்து, உள்ளேயிருந்து இன்னொரு கிண்ணம் வந்தது. கடைசியில் இரண்டு இறக்கையும் மணவறைக்குப் போகிற மாப்பிள்ளையின் கை மாதிரி ஆகிவிட்டன. மைக்செட்காரர் சும்மா இருப்பாரா?

"தாய்மாமன் அவர்களின் வான ஊர்திக்கு இப்போது சிறப்புச் சந்தனக் காப்பு நடைபெற்றுக்கொண்டிருக்கிறது! அன்பர்கள் கண்டு களிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்!"

எஸ்தர் என் பக்கத்தில் வந்து நின்றாள். "என்ன பண்ணுதீங்க?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"பேலன்ஸ் பண்ணுதேன்."

"கண்ணளவுலயா?"

நான் பையிலிருந்து பேட்டரியை எடுத்தேன். எல்லாரையும் கோட்டுக்கு வெளியே போகச் சொல்லி அவள் விசில் ஊதினாள். பேட்டரியை மாட்டினேன். மேலே ஏற்றப் போவதில்லை, தரையிலேயே மெதுவாகச் சுற்றிப் பார்ப்போம், சரியாக இருந்தால் போவோம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இறக்கைகள் சுற்ற ஆரம்பித்தன. பத்து எண்ணுவதற்குள் ஹெலிகாப்டருக்குக் குளிர்காய்ச்சல் வந்துவிட்டது. கால்கள் தடதடவென்று தரையில் அடித்தன. அது இருந்த இடத்திலிருந்து ஒரு சாண் தானாக நடந்தது. எலுமிச்சம்பழம் நசுங்கியது. ஈரச் சந்தனம் நாலாபக்கமும் தெறித்தது. எதிர்ப்பக்கம் கோட்டுக்கு வெளியே, கையைக் கட்டிக்கொண்டு சிரித்தபடி நின்றிருந்த முத்துமாரி வீட்டுக்காரரின் வெள்ளைச் சட்டையில் மட்டும் பத்து இடத்தில் பொட்டு விழுந்தது. கூட்டம் அதற்கும் கைதட்டியது. இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள்.

நான் நிறுத்தினேன். இறக்கைகள் நின்றன. மணி பதினொன்றரை.

முருகேசன் வந்தார். "ஏன் நிப்பாட்டிட்டிய?"

"ஆடுது."

"ஆடட்டும் அண்ணாச்சி. ஆடிக்கிட்டே பறக்கட்டும். சாமி வந்த மாதிரி இருக்கும். ஒரே ஒரு ரவுண்டு!"

தம்பி தங்கைகளே, அந்த இடத்தில் என் மனது என்னென்ன சொன்னது என்று ஒளிக்காமல் சொல்கிறேன். சந்தனம் பாதி தெறித்துப் போயிற்று, மீதியை யாரும் பார்க்காமல் வழித்துவிடலாம் என்றது. காற்றில்லை, ஆளில்லாத இடம், அரை நிமிட வேலை என்றது. நூறு பேர் படம் எடுக்கப் போனை உயரத் தூக்கி நிற்கிறார்கள், பறக்காவிட்டால் அசிங்கம் என்றது. இந்த மனிதருக்குத் தங்கை கிடைக்கிறாள், நீ குறுக்கே நிற்காதே என்றது. அது கடைசியாகச் சொன்னதுதான் என்னை உண்மையிலேயே ஆட்டியது. இன்னொரு பக்கம் ஆலையில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்த என் விரல்நுனி ஒன்றே ஒன்று சொன்னது. அப்படி உதறிய மெஷினை அவிழ்த்து ஒவ்வொரு திருகாகப் பார்க்காமல் மேலே ஏற்றக் கூடாது. அதற்கு ஒரு மணி நேரம் வேண்டும். முகூர்த்தத்துக்கு இருப்பது அரை மணி.

"முடியாது முருகேசன். இன்னிக்கி இது பறக்காது."

அவர் முகம் போன போக்கை என்னால் எழுத முடியாது. குரல் மட்டும் இறங்கியது. "அப்ப நான் வண்டிய எடுத்துட்டுப் போறேன் அண்ணாச்சி. தட்ட மட்டும் உள்ள குடுத்திருங்க."

திரும்பி வேனைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டார். மூன்று வருடத்துக்கு முன்னால் போன அதே நடையாகத்தான் இருக்க வேண்டும். தங்கை கோட்டுக்கு அந்தப் பக்கம் தட்டைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டத்தில் யாரோ, "பொட்டு வச்சதும் நின்னு போச்சே" என்று முணுமுணுத்தது எனக்கே கேட்டது. அவளுக்குக் கேட்காமல் இருந்திருக்காது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பறக்காது என்று சொன்னால் மட்டும் போதாது. ஏன் பறக்காது என்பதை நான் சொல்லாவிட்டால், ஊர் ஒரு காரணம் கண்டுபிடித்து அந்தப் பெண்ணின் தலையில் வைத்துவிடும். பேட்டரி போய்விட்டது என்று பொய் சொல்லலாம். யாருக்கும் தெரியாது. ஆனால் பொய் சொல்லத் தேவையே இல்லாத ஓர் உண்மை என்னிடம் இருந்தது. மைக்கைப் பிடுங்கினேன்.

"எல்லாரும் மன்னிக்கணும். ஹெலிகாப்டர் இன்னிக்கிப் பறக்காது. தப்பு என்னோடது. பறக்குற மெஷினை ஒரு நிமிசம்கூட ஆளில்லாம விடக் கூடாது. நான் விட்டுட்டுப் போயிட்டேன். அதுக்குப் பொறவு அது நான் சரிபார்த்த மெஷின் இல்ல. சரிபார்க்காததை நான் பறக்க விட மாட்டேன். வேற காரணம் எதுவும் கிடையாது."

கூட்டத்திலிருந்து யாரோ ஒருவர், "அப்ப எதுக்குய்யா வந்த?" என்றார். நியாயமான கேள்விதான்.

வேன் பக்கம் போன முருகேசன் நின்றுவிட்டார். திரும்பி வந்தார். நேராகக் கோட்டைத் தாண்டி ஹெலிகாப்டரிடம் போனார். எஸ்தர் விசிலை வாயில் வைத்தவள், என்னைப் பார்த்தாள். நான் ஓடிப்போய்ப் பேட்டரியைக் கழற்றிக் கையில் தூக்கிக் காட்டினேன். அவள் விசிலை இறக்கினாள்.

"இதுல எந்தங்கச்சி வச்ச பொட்டு இருக்கு" என்றார் முருகேசன், ஊருக்கே கேட்கிற மாதிரி. "அது பறந்து வந்தா என்ன, நான் சொமந்து வந்தா என்ன? ஏலே, மேளத்த அடிங்கல!"

தோள் துண்டைச் சும்மாடாகச் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டார். ஹெலிகாப்டரை, பூப்பெட்டி, சந்தனம், குங்குமம் எல்லாவற்றோடும், இரண்டு கையாலும் தூக்கித் தலையில் ஏற்றினார். மேளம் இறங்கி அடித்தது. இருபத்தொரு தட்டும் பின்னால் வந்தன. இறக்கை இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்ததால் எஸ்தர் முன்னால் நடந்து, விசில் ஊதி ஆட்களை ஒதுக்கிக்கொண்டே போனாள். மைக்செட்காரருக்கு என்ன சொல்வதென்று தெரியாமல், "தாய்மாமன் வருகிறார்! தாய்மாமன் வருகிறார்!" என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். வாசல்படியில் கால் தடுக்கி முருகேசன் ஒரு பக்கம் சாய்ந்தார். பெட்டியின் அடிப்பக்கம் திறந்துகொண்டது. ஒரு கிலோ ரோஜா இதழும் அவர் முகத்தின்மேல் கொட்டியது. கண் தெரியாமல் அப்படியே நின்றார்.

"ஏண்ணே! பாத்து வரக் கூடாதா? கழுத்து ஒடிஞ்சிரப் போகுது!"

முத்துமாரிதான். தட்டை யார் கையிலோ திணித்துவிட்டு ஓடி வந்து, அவர் முகத்திலிருந்த பூவை முந்தானையால் தள்ளினாள். மூன்று வருடத்துக்குப் பிறகு அண்ணனிடம் அவள் பேசிய முதல் பேச்சு அந்தத் திட்டுதான். அவர் ஹெலிகாப்டரைத் தலையிலிருந்து இறக்கி என் கையில் கொடுத்துவிட்டு, அவள் பின்னாலேயே உள்ளே போனார். பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது குழந்தை அவர் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்டது. அது போட்ட அழுகையில் மைக்கே தேவைப்படவில்லை.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், சொல்லாமல் போனால் நீங்கள் என்னைப் பெரிய ஆளாக நினைத்துவிடுவீர்கள். அன்று சாயங்காலம் வீட்டில் அந்த மெஷினை அக்கக்காகப் பிரித்துப் பார்த்தேன். ஒரு திருகு தளரவில்லை. ஒரு கீறல் இல்லை. துடைத்துவிட்டுப் பறக்கவிட்டிருந்தால் ஒருவேளை ஒழுங்காகப் பறந்து இறங்கியிருக்கும். "நிப்பாட்டுனது சரி" என்று எனக்குச் சான்றிதழ் தர எதுவுமே உள்ளே உடைந்திருக்கவில்லை. எஸ்தரிடம் சொன்னேன். "அதனால என்ன? நாளைக்கும் முடியாதுன்னுதான் சொல்லணும்" என்று சொல்லிவிட்டு அவள் சுண்ணாம்பு மூட்டையைக் கட்டப் போய்விட்டாள். உங்களுக்கும் இப்படித்தான் நடக்கும். நிறுத்திய பிறகு நீங்கள் செய்தது சரி என்று சொல்ல யாரும் வரமாட்டார்கள். அப்படி யாராவது வருவார்கள் என்று காத்திருந்தால் ஒருநாளும் நிறுத்த மாட்டீர்கள்.

ஆனால் எனக்கு ஒரே ஒரு ஆள் வந்தாள். அன்று மதியம் மண்டபத்தில் சாப்பாடு முடிந்து நாங்கள் வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தபோது முத்துமாரி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அண்ணாச்சி, நெசத்தச் சொல்லுங்க. நான் வச்ச சந்தனத்தாலதான பறக்கல?"

மைக்கில் சொன்னதையே திரும்பச் சொல்லலாம் என்று வாய் வரை வந்தது. ஆனால் நேராகக் கேட்கிறவளிடம் சுற்றிப் பேச எனக்கு மனம் வரவில்லை.

"ஆமாம்மா. கனம் கூடிட்டு. ஆனா வைக்க விட்டது நான்தான்."

அவள் முகம் வாடும் என்று பார்த்தேன். வாடவில்லை. குழந்தையின் காதில் புதுக்கம்மலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அது பறந்திருந்தா எல்லாரும் அண்ணாந்துல்லா பாத்துக்கிட்டு நின்னுருப்பாக. எங்கண்ணன் வாசப்படி ஏறுனத யாரு பாத்துருப்பா?"